டொரத்தி ஆன்டி முதுகில் நான்கு ஸ்குரூ

கிள்ளானில், பண்டமாரான் பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற வீடுகளில் டொரத்தி ஆன்டியைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. அவள் வேனில் பிள்ளையை ஏற்றிவிட்டால் அப்புறம் கவலையே வேண்டாம் என்பது ஒன்று. அவளுக்கு யாரைக் கண்டாலும் சந்தேகம் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு.

ஒருமுறை பள்ளி விடுகிற நேரத்தில் வாட்டசாட்டமான ஒருவன் வேன் பக்கம் வந்தான். இரண்டாம் ஆண்டு படிக்கும் சிறுமி ஒருத்தியின் தாய்மாமன் தான் என்றும், அவளைத் தன் காரிலேயே கூட்டிப் போவதாகவும் சொன்னான். சிறுமியும் ‘மாமா’ என்று ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். டொரத்தி அந்தக் கையை மெல்லப் பிரித்து, பிள்ளையை வேனுக்குள் ஏற்றி, கதவை இழுத்துச் சாத்தினாள். அம்மாவின் போன் அணைந்து கிடந்தது. அவன் முதலில் கெஞ்சினான், பிறகு சத்தம் போட்டான். பள்ளி வாசலில் காவல் நிற்கும் ஜாகாகூட விட்டுவிடச் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. வேன் முன்னால் போக, அவன் கார் வீடுவரை பின்னாலேயே வந்தது. கடைசியில் அவன் தாய்மாமன்தான், ஈப்போவிலிருந்து வந்திருந்தான். அன்று சாயந்திரம் பிள்ளையின் அம்மா சண்டைக்கு வந்து நின்றாள்.

“உங்க தம்பின்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று மட்டும் கேட்டாள் டொரத்தி. மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த அம்மாவும் பிள்ளையை வேறு வேனுக்கு மாற்றவில்லை.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை. செந்தூலில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தபோது யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற பெண்ணாகத்தான் இருந்தாள். அவள் கணவர் வாலண்டைன் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டியவர். பித்தப்பையில் கல் என்று சொன்னார்கள், சின்ன ஆபரேஷன் என்றார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் மாலை டொரத்தியின் அண்ணன் ஹென்றி வார்டு வாசலில் நின்றுகொண்டு, எல்லாம் ஓகே லா, நீ வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பாரு என்று அனுப்பி வைத்தார். அவளும் போனாள், சமைத்தாள், தூங்கினாள். காலையில் திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. ரத்தத்தில் விஷம் ஏறத் தொடங்கியது முந்தின நாள் மாலையே ஹென்றிக்குத் தெரியும். தங்கை தாங்கமாட்டாள் என்று மறைத்துவிட்டார். சாகிற மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய ராத்திரியில் தன்னைத் தூங்க வைத்துவிட்டார்கள் என்பதை அவள் இன்றுவரை மன்னித்தாளா என்று யாருக்கும் தெரியாது. அண்ணனோடு பல வருடம் பேச்சில்லை. இப்போது பேசுகிறாள், அவ்வளவுதான். ஆனால் ‘எல்லாம் ஓகே’ என்று யாராவது சொன்னால் அவள் காது விறைத்துக்கொள்ளும்.

வாலண்டைன் போனபோது மகள் ஆட்ரிக்குப் பன்னிரண்டு வயது. டொரத்தி வேன் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பிள்ளை வளர்ந்து, படித்து, கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் விளம்பரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியேறிய பிறகும் டொரத்தி வேனை விடவில்லை.

முதுகு வலி வந்து வருடக்கணக்காயிற்று. வேன் ஓட்டுகிறவர்கள் யாருக்குத்தான் இல்லை என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலி வலது காலில் இறங்கியது. பிறகு பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போனது. செருப்பு கழன்று விழுவது தெரியாமல் நடப்பாள். ஒரு நாள் காலை, வேன் நிறையப் பிள்ளைகளோடு பள்ளி வாசலில் திரும்பும்போது, அக்சிலேட்டரிலிருந்து பாதத்தைத் தூக்கி பிரேக்குக்கு மாற்ற நினைத்தாள். நினைப்பு மட்டும் போனது, பாதம் எழவில்லை. வேன் நேராக இரும்புக் கதவை நோக்கிப் போயிற்று. இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். வேன் முனகிக்கொண்டு நின்றபோது கதவுக்கும் அதற்கும் இடையில் ஒரு ஆள்தான் நிற்கலாம். பிள்ளைகள் ஏதோ விளையாட்டு என்று சிரித்தன. டொரத்தி சிரிக்கவில்லை. கடைசிப் பிள்ளை இறங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பெற்றோர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, நாளையிலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். என்ன நடந்தது என்பதையும் ஒன்றும் விடாமல் சொன்னாள்.

ஆட்ரி அம்மாவைத் தன் மருத்துவமனைக்கே கூட்டிப்போனாள். முதுகெலும்பு மருத்துவர் ஞானசம்பந்தம் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். அடுக்கி வைத்த எலும்புகளில் கீழிருந்து இரண்டாவது, தன் இடத்தைவிட்டு முன்னால் நழுவியிருந்தது. அது காலுக்குப் போகும் நரம்பை நசுக்குகிறது. எலும்பை நிறுத்தி நான்கு ஸ்குரூ போட வேண்டும், இரண்டு கம்பியால் பிணைக்க வேண்டும், நரம்புக்கு இடம் பண்ணிக் கொடுக்க வேண்டும். விட்டால் பாதம் ஒரேயடியாகத் தொங்கிப்போகும் என்றார். அதுவரை டொரத்திக்குப் புரிந்தது. ஸ்குரூவை ரோபோவின் துணையோடு போடுவோம் என்று அவர் சொன்னதும் அவள் மெல்லத் திரும்பி மகள் முகத்தைப் பார்த்தாள்.

வந்ததிலிருந்து ஒன்று அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. வாசலில், லிஃப்டுக்குள், மருந்து வாங்கும் இடத்தில், எங்கு திரும்பினாலும் பதாகைகளில் வெள்ளை நிற இயந்திரக் கை ஒன்றின் படம். அந்தப் பதாகைகளை எழுதுவது ஆட்ரியின் பிரிவு. மகளுக்குத் தன் முதுகின்மேல் அக்கறையா, மருத்துவமனைக்குப் புதிதாக வந்த மிஷின்மேல் அக்கறையா? பெற்ற மகளை இப்படி நினைப்பது அவளுக்கே கசந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை. அந்த வாரமே ஆட்ரி, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கொள்ளலாமா, முகம்கூடக் காட்ட வேண்டாம் என்று மெதுவாகக் கேட்டபோது கசப்பு உறுதியாயிற்று.

“என் முதுகை வச்சு நீ விளம்பரம் பண்ணப் போறியா?”

ஆட்ரி அதற்குப் பிறகு வீடியோ பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

டொரத்தி விசாரிக்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒருத்தி, ரோபோ வெட்டும்போது டாக்டர் பக்கத்து அறையில் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார் என்றாள். கரண்ட் போனால் ஊசி முதுகிலேயே நின்றுவிடும் என்றார் மீன் கடைக்காரர். இரண்டையும் டொரத்தி நம்பவில்லை. சொன்னவர்கள் இருவரையும் அவள் எதிலுமே நம்பியதில்லை. ஆனால் அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது வேறு கேள்விகளோடு போனாள். இந்த மிஷினை வைத்து எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

ஞானசம்பந்தம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். கையால் ஸ்குரூ போட்டது பல நூறு பேருக்கு. இந்த மிஷினோடு பத்துப் பதினைந்து பேருக்குத்தான் இருக்கும். ஆட்ரி நாற்காலியில் நெளிந்தாள். பதாகையில் இப்படி எழுதியிருக்கவில்லை. டொரத்திக்கு அந்தப் பதில் பயத்தைத் தந்தது, ஆனால் பதில் சொன்ன விதம் பிடித்திருந்தது. பிடித்துப்போனதாலேயே அதையும் சந்தேகப்பட்டாள். உண்மை பேசுகிற மாதிரி பேசுவதற்கும் இவர்களுக்குப் பழக்கம் இருக்கலாம் அல்லவா?

ஆபரேஷன் அறையில் யார் யார் இருப்பார்கள் என்று அடுத்துக் கேட்டாள். மயக்க மருந்து கொடுப்பவர், தாதியர், உதவி மருத்துவர் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மிஷின் கம்பெனியிலிருந்து ஒருவர் என்றார். டொரத்தி அங்கேயே பிடித்துக்கொண்டாள். கம்பெனிக்காரனுக்கு என் முதுகு திறந்து கிடக்கும் அறையில் என்ன வேலை? மிஷின் சரியாக ஓடுகிறதா என்று திரையைப் பார்த்துக்கொள்வார், நோயாளியைத் தொடமாட்டார் என்று மருத்துவர் விளக்கினார். அவனைப் பார்க்க வேண்டும் என்றாள். மருத்துவர் மறுப்பார், அதை வைத்தே எழுந்து போய்விடலாம் என்றுதான் கேட்டாள். அவரோ போன் எடுத்துப் பேசி, வாங்க ஆன்டி, மிஷினையும் பார்த்துவிடுங்கள் என்று எழுந்துவிட்டார்.

கம்பெனிக்காரன் பெயர் செல்வகுமார். தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்தவன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். டொரத்தியை மேடம் என்றான். பயிற்சி அறையில் அந்த வெள்ளைக் கை கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் மடங்கி நின்றது. பக்கத்தில் ஒரு பொம்மை முதுகெலும்பு. முன்கூட்டியே எடுத்த ஸ்கேனில் ஸ்குரூ எந்த வழியாகப் போக வேண்டும் என்று டாக்டர் கோடு போட்டு வைப்பார் என்றான். இடுப்பெலும்பில் ஒரு சின்ன அடையாளக் கம்பி நடுவார்கள். கேமரா அதைப் பார்த்து உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். கை அந்தக் கோட்டில் போய் அசையாமல் நிற்கும், ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு. அந்தக் குழாய் வழியாகத் துளை போடுவதும் ஸ்குரூ முறுக்குவதும் டாக்டரின் கைதான்.

டொரத்தி பொம்மை எலும்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, இது தப்பான இடத்துல போய் நின்னா யாருக்கு முதல்ல தெரியும்?”

“சில நேரம் டாக்டருக்கு. சில நேரம் திரையில எனக்கு, மேடம்.”

“உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுவீங்களா? உங்க கம்பெனி மிஷின் தப்பா நிக்குதுன்னு, டாக்டர் முன்னால, உங்க வாயால?”

அவன் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தயக்கத்தை டொரத்தி பிடித்து வைத்துக்கொண்டாள். சொல்லத்தான் வேணும் மேடம் என்றான் பிறகு. சொல்வேன் என்று அவன் சொல்லவில்லை என்பதையும் அவள் கவனித்தாள்.

மூன்று வாரம் இழுத்தடித்தாள். அதற்குள் பாதம் இன்னும் தொய்ந்தது. மாடிப்படியில் இரண்டு முறை விழப் பார்த்தாள். கடைசியில் மருத்துவரிடம் தன் நிபந்தனைகளைச் சொன்னாள். வீடியோ கூடாது. மிஷின்மேல் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் தள்ளி வைத்துவிட்டுக் கையால் செய்ய வேண்டும். என்ன நடந்தாலும் தன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், மகளிடமோ அண்ணனிடமோ அல்ல. ஞானசம்பந்தம் மூன்றுக்கும் தலையாட்டினார்.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது ஆட்ரி கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். வாசலில் ஹென்றி, கையில் தொப்பியோடு. முதுகு யாரோ மண்வெட்டியால் கொத்தியது போல வலித்தது. டொரத்தி முதலில் வலது கால் விரல்களை அசைத்துப் பார்த்தாள். அசைந்தன. அப்பாடா என்று கண்ணை மூடப்போனவள் காதில் ஆட்ரியின் குரல் விழுந்தது.

“எல்லாம் ஓகே, மா.”

டொரத்தி கண்ணைத் திறந்தாள். மகள் அவள் முகத்தைப் பார்க்காமல் சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுப்பாடம் செய்யாமல் வேனில் ஏறுகிற பிள்ளைகள் இப்படித்தான் ஜன்னலைப் பார்க்கும். ஹென்றியோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதே அண்ணன், அதே வாசல் என்று தோன்றியது அவளுக்கு. ஆபரேஷனில் என்ன ஆயிற்று என்று தாதியைக் கேட்டாள். டாக்டர் வந்து சொல்வார் என்றாள் அவள். மருத்துவர் வந்தார், காலைத் தூக்கச் சொன்னார், தட்டிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது, ஓய்வெடுங்கள், நாளைக்குப் பேசலாம் என்று போய்விட்டார். நாளைக்கு என்ன பேச்சு? நன்றாக இருந்தால் இன்றைக்கே சொல்லிவிட்டுப் போவதுதானே?

மறுநாள் மதியம் அரைத் தூக்கத்தில் இருந்தபோது, வார்டு கதவின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. செல்வகுமார். அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். அவள் கால் பக்கம் பார்த்தான். உள்ளே வராமல் போய்விட்டான். மிஷினைப் பார்த்துக்கொள்கிறவன், நோயாளியைத் தொடாதவன், வார்டு வரைக்கும் எதற்கு வருகிறான்?

அன்று மாலை ஞானசம்பந்தம் வந்ததும் டொரத்தி வலியைப் பற்றி எதுவும் பேசவில்லை. “அந்த இந்தியாக்காரத் தம்பி எதுக்கு என்னை வந்து பார்த்துட்டுப் போறான், டாக்டர்?” என்று கேட்டாள்.

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆட்ரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

இடப்பக்கத்து இரண்டு ஸ்குரூவும் இயந்திரக் கை காட்டிய கோட்டில் சரியாக இறங்கின என்றார். வலப்பக்கம் துளை போட அவர் கருவியைக் கையில் எடுத்தபோது செல்வகுமார், டாக்டர், ஒரு நிமிஷம் என்றானாம். திரையில் எல்லாம் சரி என்று பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் சோதனைக் குச்சியால் எலும்பின் ஒரு முனையைத் தொட்டபோது திரையில் அது சற்றுத் தள்ளிக் காட்டியது, எனக்கு அது சரியாகப் படவில்லை என்றான். மறுபடி தொட்டுப் பார்த்தார்கள். மறுபடியும் தள்ளியே காட்டியது. இடுப்பில் நட்ட அடையாளக் கம்பி தளர்ந்திருந்தது. யார் கையாவது, ஏதாவது கருவியாவது தட்டியிருக்க வேண்டும். தட்டியது தன் கையாகவும் இருக்கலாம் என்றார் ஞானசம்பந்தம். தள்ளிப்போனது சில மில்லிமீட்டர்தான். அப்படியே துளைத்திருந்தால் நரம்பில் பட்டிருக்கலாம். கம்பியை மறுபடி நட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கலாம். ஆனால் உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், இயந்திரக் கையைத் தள்ளி வைத்துவிட்டு மற்ற இரண்டையும் எக்ஸ்ரே பார்த்துக் கையாலேயே போட்டேன். நேரம் கூடுதலாக ஆயிற்று. நான்கும் சரியான இடத்தில் இருக்கின்றன.

டொரத்தி போர்வைக்குள் வலது கால் விரல்களை மறுபடி அசைத்துப் பார்த்தாள். தன் சந்தேகம் பலித்ததில் ஒரு திருப்தி வரவேண்டும், வரவில்லை. அவள் சந்தேகப்பட்ட ஆளே அல்லவா நிறுத்தச் சொல்லியிருக்கிறான்.

“என்கிட்ட முதல்ல சொல்றேன்னு சொன்னீங்களே?”

“சொல்லியிருக்கணும், ஆன்டி. மருந்து மயக்கம் போகட்டும், ஒரு நாள் பொறுங்கன்னு உங்க மகள் கேட்டாங்க. நான் சரின்னு சொன்னது தப்பு.”

அவர் போனதும் டொரத்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆட்ரி அழுவது கேட்டது. திரும்பவில்லை.

கிள்ளான் வீட்டில் மாடிப்படி இருந்ததால், சில வாரங்கள் பிரிக்பீல்ட்ஸில் மகள் வீட்டில்தான் இருக்க வேண்டியதாயிற்று. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் வேண்டிய அளவு மட்டும் பேசினார்கள். ஆட்ரி வேலைக்குப் போனதும் டொரத்தி லிஃப்டில் இறங்கி நடைபழகுவாள். கண் தெரியாதவர்களுக்காக நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் கற்களின் மேடு, முதலில் வலது பாதத்துக்குத் தெரியவில்லை. பிறகு எங்கோ தூரத்தில் யாரோ தொடுவது போலத் தெரிந்தது. இது உண்மையா, தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறோமா என்று கண்ணை மூடிக்கொண்டு நின்று சோதித்துப் பார்ப்பாள். பூக்கடைக்காரப் பெண்கள் கடக்கும்போது, என்ன ஆன்டி, தலை சுத்துதா என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அப்போதுதான் கிள்ளானிலிருந்து சுமையா போன் செய்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் டொரத்தியின் வேனில் போனவர்கள். மருத்துவமனையின் முகநூல் பக்கத்தில் பார்த்தேன் ஆன்டி, பெயர் போடவில்லை, ஆனால் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் அம்மா என்றதும் நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது என்றாள். அவள் வாப்பாவுக்கும் முதுகில் அதே தொல்லை. நான்கு ஸ்குரூவையும் ரோபோவே துல்லியமாகப் போட்டது என்று எழுதியிருக்கிறது, நம்பி அங்கேயே கூட்டிப்போகலாமா?

டொரத்தி அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தாள். புகைப்படம் இல்லை, பெயர் இல்லை. மற்றபடி அவள்தான். அவள் முதுகுதான். சுமையாவைத் திரும்ப அழைத்து, நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். இரண்டு ரோபோ காட்டிப் போட்டது, இரண்டு டாக்டர் கையால் போட்டது, நடுவில் என்ன ஆயிற்று, கால் இப்போது எப்படி இருக்கிறது, எல்லாம். போகாதே என்று சொல்லவில்லை. அந்த டாக்டரிடம் போ, ஆனால் இதையெல்லாம் கேள் என்றாள். பேசி முடித்துத் திரும்பியபோது, வேலை முடிந்து வந்த ஆட்ரி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ எழுதினதா?”

தான் எழுதவில்லை, கூட வேலை செய்கிறவர் எழுதினார், ஆனால் தன் பார்வைக்கு வந்தபோது தடுக்கவில்லை என்றாள் ஆட்ரி. இப்படித்தான் எல்லா மருத்துவமனையும் எழுதுகிறது, யாரும் இவ்வளவு கவனமாகப் படிக்கமாட்டார்கள் என்றும் சொன்னாள்.

“முதுகு வலிக்கிறவங்க படிப்பாங்க,” என்றாள் டொரத்தி. “நான் படிச்சேன். சுமையா படிச்சா. அங்கயும் மறைச்ச, இங்கயும் மறைக்கிற. உன் மாமா மாதிரியே ஆயிட்ட.”

அந்தக் கடைசிச் சொல் ஆட்ரியை எங்கேயோ தைத்தது. சோபாவில் உட்கார்ந்தாள்.

“அப்பா செத்த காலையில நீங்க போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேக்குது, மா. அந்த வராந்தால எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. நான் மாமா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். உங்க ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் வெளிய வந்து, நடுவுல ஒரு பிரச்னைன்னு ஆரம்பிச்சதும் எனக்கு அந்தச் சத்தம்தான் வந்துச்சு. அதுக்கு மேல அவர் என்ன சொன்னார்னே என் காதுல விழல. உங்ககிட்ட இப்ப சொல்லாதீங்கன்னு மட்டும் சொன்னேன்.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த வராந்தாவில் நின்றது டொரத்திக்கு நினைவிலேயே இல்லை. இத்தனை வருடம் அவள் நினைத்துப் பார்த்ததெல்லாம் காலிக் கட்டிலையும் ஹென்றியையும்தான். மகள் சொல்வதில் எங்காவது பொய் இருக்கிறதா என்று பழக்கத்தின்படி உற்றுப் பார்த்தாள். ஆட்ரி இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

“எனக்குச் சத்தம் போட உரிமை இருக்கு, ஆட்ரி,” என்றாள் கடைசியில். “நீ அதைக் கேட்டுத்தான் ஆகணும்.”

அன்று இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் ஆட்ரி தன் மேலாளரிடம் போய் அந்தப் பதிவைத் திருத்த வேண்டும் என்றாள். எதற்கு வம்பு, நீக்கிவிடலாம் என்றார் அவர். நீக்கினால் படித்தவர்களுக்கு உண்மை தெரியாது என்று ஆட்ரி நின்றாள். பேச்சு ஞானசம்பந்தம்வரை போயிற்று. அவர், திருத்தமான வாசகத்தை நானே தருகிறேன், என் பெயரிலேயே போடுங்கள் என்றார். சில நாள் இழுபறிக்குப் பிறகு வந்தது. இரண்டு ஸ்குரூ இயந்திரத்தின் துணையோடும், அடையாளக் கம்பி தளர்ந்திருந்தது தெரிந்ததால் மற்ற இரண்டும் வழக்கமான முறையிலும் பொருத்தப்பட்டன என்று நாலே வரி. முதல் பதிவுக்குக் கிடைத்த பாராட்டில் கால்வாசி இதற்குக் கிடைக்கவில்லை. டொரத்தி அதை ஒவ்வொரு சொல்லாக இரண்டு முறை படித்தாள். ஆட்ரிக்கு வேலையில் ஏதாவது தொல்லை கொடுத்தார்களா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஆட்ரி. நம்பலாமா என்று டொரத்திக்குத் தெரியவில்லை. பதவி உயர்வு வரவேண்டிய வருடம் அது, வரவில்லை.

மறுபரிசோதனைக்குப் போன அன்று எக்ஸ்ரேயில் நான்கு ஸ்குரூவும் வெள்ளையாக, வரிசையாகத் தெரிந்தன. எலும்பு ஒட்டத் தொடங்கிவிட்டது. கையால் போட்டது எது என்று கேட்டாள். மருத்துவர் வலப்பக்கத்தைக் காட்டினார். டொரத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தாள். நான்கும் ஒன்று போலவே இருந்தன. வெளியே வராந்தாவில் செல்வகுமார் யாரோடோ நின்றிருந்தான். அவளைக் கண்டதும் ஒதுங்கப் பார்த்தான். அவள் விடவில்லை. அன்றைக்குச் சொன்னதற்காகக் கம்பெனியில் ஏதாவது கேட்டார்களா என்று விசாரித்தாள்.

“கேட்டாங்கம்மா,” என்றான். முதல்முறையாக மேடம் என்று சொல்லவில்லை. என்ன கேட்டார்கள் என்பதை அவன் சொல்லவில்லை. அவள் அவன் தோளில் ஒரு முறை கைவைத்துவிட்டு நடந்தாள்.

பாதத்தின் மேல்பக்கம் ஒரு ஐம்பது காசு அளவுக்கு மரத்தது மரத்தபடியே இருக்கிறது. அது திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். மற்றபடி பாதம் எழுகிறது. வண்டி ஓட்டலாம் என்று அவர் அனுமதி கொடுத்த பிறகும் டொரத்தி உடனே பிள்ளைகளை ஏற்றவில்லை. காலி வேனை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பண்டமாரானைச் சுற்றி வந்தாள். முதல் ஞாயிறு ஆட்ரி பிடிவாதமாகப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். பள்ளி வாசல் திருப்பம் வந்தது. விடுமுறை நாள், இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. டொரத்தி வேகத்தைக் குறைத்தாள். ஆட்ரி சாலையைப் பார்க்கவே இல்லை; குனிந்து, மிதிகளின் மேல் இருந்த அம்மாவின் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பார்க்கிற?”

“நிஜமா காலைத் தூக்க வருதா, மா? இல்ல, எனக்காக ஓகேன்னு சொல்றீங்களா?”

டொரத்தி வேனை ஓரமாக நிறுத்தினாள். செருப்பைக் கழற்றினாள். நல்லாப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு, வெறும் பாதத்தை அக்சிலேட்டரிலிருந்து எடுத்து பிரேக்கில் வைத்தாள். மறுபடியும் எடுத்தாள், வைத்தாள். ஆட்ரி போதும் என்று சொல்லும்வரை செய்துகொண்டிருந்தாள். ஆட்ரி சீக்கிரத்தில் சொல்லவில்லை.